ஜீன் கிளார்க்கின் 'நோ அதர்': கவனிக்கப்படாமல் போன தனி ஆல்பம் ஒன்றை மீண்டும் கேட்பது எப்படி

புகழ்பெற்ற ராக் குழு ஒன்றிலிருந்து பிரிந்து வந்த பாடகர் தனியாக வெளியிட்ட ஆல்பம், வந்த காலத்தில் விற்காமல் போய், பல ஆண்டுகள் கழித்து 'தொலைந்துபோன பொக்கிஷம்' என்ற பட்டத்தோடு திரும்பி வருவது இசையுலகில் வழக்கமாகிவிட்டது. அப்படித் திரும்பி வந்த ஆல்பத்தைக் கேட்க உட்காருபவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் பாடகருக்கு நேர்ந்த அநியாயத்தை முதலில் படித்துவிட்டு, அந்த இரக்கம் தீராமலேயே பாடல்களைக் கேட்கிறார்கள். வேறு சிலர் பட்டத்தை நம்பி அதிசயம் ஒன்றை எதிர்பார்த்து, முதல் பத்து நிமிடத்தில் அது நிகழாததால் எழுந்து போய்விடுகிறார்கள். இரண்டு வகையிலும் தீர்ப்பு காதுக்கு வெளியே எழுதப்பட்டுவிடுகிறது.

இந்தத் தடுமாற்றத்தைத் தவிர்த்துக் கேட்பதற்கான வழியை, ஜீன் கிளார்க் 1974 செப்டம்பரில் அசைலம் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட 'நோ அதர்' ஆல்பத்தை எடுத்துக்கொண்டு இங்கே சொல்கிறேன். அவருடைய வாழ்க்கையைப் பற்றி எதுவும் அறியாதவர்கள், முதல் இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிட்டு, ஆல்பத்தை ஒருமுறை கேட்டு முடித்த பிறகு மீதியைப் படிப்பது நல்லது. ஏற்கெனவே கதை தெரிந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அவர்களும் முயன்றால் அதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கலாம்.

எந்தப் பதிப்பு, எப்படிப்பட்ட ஏற்பாடு

1974-இல் வந்த இசைத்தட்டில் எட்டுப் பாடல்கள் இருந்தன, பக்கத்துக்கு நான்கு. முதல் பக்கம் இருபத்தொரு நிமிடத்துக்கும் சற்று அதிகம், இரண்டாம் பக்கம் ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடம், மொத்தம் 43 நிமிடம். 2003-இல் வந்த குறுந்தகட்டுப் பதிப்பில் அதே பாடல்களின் வேறு வடிவங்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. 2019 நவம்பரில் ஃபோர் ஏடி நிறுவனம், ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் ரீமாஸ்டர் செய்த (ஒலியைச் சீரமைத்து மெருகேற்றிய) புதிய பதிப்பை வெளியிட்டது; அதில் ஒலிப்பதிவு நாட்களில் எடுக்கப்பட்டுக் கிடப்பில் இருந்த டேக்குகளும் (ஒரே பாடலைப் பதிவுசெய்த வெவ்வேறு முயற்சிகள்) தனி வட்டாக இணைக்கப்பட்டன. இன்று ஸ்ட்ரீமிங்கில் தேடினால் பெரும்பாலும் இந்தக் கூடுதல் பாடல்களோடு சேர்ந்த நீண்ட பட்டியல்தான் முதலில் கண்ணில் படும்.

அதை அப்படியே ஓடவிடக் கூடாது. எட்டாவது பாடலான 'லேடி ஆஃப் த நார்த்' முடிந்த கையோடு அதே பாடலோ வேறொன்றோ இன்னொரு வடிவத்தில் தொடங்கினால், ஆல்பத்துக்கென்று இருந்த முடிவு குலைந்து, கேட்டது ஒரு முழுமையான படைப்பா அல்லது காப்பகக் கோப்பா என்ற குழப்பம் வந்துவிடும். எனவே எட்டுப் பாடல்களை மட்டும் தனிப் பட்டியலாக வரிசை மாறாமல் சேமித்துக்கொள்ளுங்கள். பாடல்களைக் கலைத்துப்போடும் வசதி, ஒரு பாடலின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒட்டிவிடும் வசதி, எல்லாப் பாடல்களின் ஒலியளவையும் சமன்செய்யும் வசதி, முடிந்தவுடன் 'இதுபோல் வேறு' என்று தானாகத் தொடரும் வசதி ஆகிய நான்கையும் அணைத்துவிடுங்கள். பேஸை, அதாவது தாழ்ந்த சுர ஒலியை, கூட்டிக் காட்டும் அமைப்பு ஏதேனும் செயலியில் இயங்கினால் அதையும் நிறுத்த வேண்டும். இந்த ஆல்பத்தில் லீலண்ட் ஸ்க்ளார் வாசித்த பேஸ் கிட்டார் ஏற்கெனவே முன்னால் வந்து நிற்கிறது. அதை மேலும் ஊதினால் மற்றவை மூழ்கிவிடும். மறுபுறம், கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் அந்தப் பேஸ் சுத்தமாகக் காணாமல் போய், பல பாடல்கள் எலும்பில்லாத பண்டமாகத் தெரியும்.

முதல் கேட்டலுக்கு ஓரளவு நல்ல ஸ்பீக்கர்கள் போதும். ஹெட்போனை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். பின்னணிக் குரல்கள் எங்கே உள்ளே வருகின்றன, எங்கே விலகுகின்றன என்பதைப் பின்தொடர அப்போதுதான் அது உதவும்.

முதல் முறை கேட்கும்போது

நான்காவது பாடலுக்குப் பிறகு நிறுத்திச் சில நிமிடம் இடைவெளி விடுங்கள். இசைத்தட்டைத் திருப்பிப் போடும் காலத்துக்கென்று அடுக்கப்பட்ட வரிசை இது. ஆறரை நிமிட 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்' ஒரு பக்கத்தின் முடிவாக நிற்க வேண்டிய பாடல். அதன் கனம் இறங்குவதற்குள் அடுத்த பாடல் தொடங்கினால் இரண்டுக்கும் நட்டம்.

பாடல் வரிகளை முதல் முறை கண்ணில் காட்டிக்கொள்ள வேண்டாம். கிளார்க்கின் வரிகள் அடர்த்தியானவை, பல இடங்களில் பிடிகொடுக்காதவை. வரிகளைப் படித்துக்கொண்டே கேட்டால் மனம் பொருளைத் துரத்திக்கொண்டு ஓடும். குரல் என்ன செய்கிறது என்பது கவனத்திலிருந்து நழுவும். கையில் ஒரு தாள் இருந்தால், பிடித்த இடங்களைவிடக் கவனம் சிதறிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இந்த ஆல்பம் நிதானமான கதியில் நகர்வது. மூன்று நிமிடத்துக்குள் பல்லவி இரண்டு முறை வந்து போவதற்குப் பழகிய காது எங்கெங்கே பொறுமை இழக்கிறது என்பதுதான், அடுத்த முறை எங்கே உற்றுக் கேட்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டி. என் கணிப்பில் பெரும்பாலானோருக்கு அந்த இடம் ஆறாவது பாடலின் நடுப்பகுதியாக இருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், அந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் அதை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த பகுதியைப் படித்துப் பாருங்கள்.

இனி, அவர் யார் என்பது

ஹெரால்ட் யூஜீன் கிளார்க் 1944 நவம்பர் 17 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள டிப்டன் என்ற ஊரில் பிறந்தவர். நியூ கிறிஸ்டி மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நாட்டார் இசைக்குழுவில் சிறிது காலம் பாடிவிட்டு, 1964-இல் லாஸ் ஏஞ்சலஸில் ரோஜர் மெக்வின், டேவிட் கிராஸ்பி ஆகியோருடன் சேர்ந்து பேர்ட்ஸ் குழுவைத் தொடங்கினார்; மெக்வினுக்கு அப்போது ஜிம் என்றுதான் பெயர். பாப் டிலனின் பாடல் ஒன்றைப் பன்னிரண்டு தந்தி மின்கிட்டாரோடு பாடி 1965-இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த குழு அது. குழுவின் தொடக்க ஆண்டுகளில் சொந்தப் பாடல்களைப் பெரும்பாலும் எழுதியவர் கிளார்க்தான். 1966-இல் வந்த 'எய்ட் மைல்ஸ் ஹை' பாடலை மெக்வின், கிராஸ்பி இருவருடன் சேர்ந்து எழுதியவரும் அவரே. ஜான் கோல்ட்ரேனின் ஜாஸும் ரவி சங்கரின் சிதாரும் அந்தப் பாடலின் கிட்டார் வாசிப்பில் கலந்திருப்பதை அதை வாசித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் பாடல் கடைகளுக்கு வரும் நேரத்திலேயே அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். விமானப் பயணம் அவருக்குப் பெரும் அச்சமாக இருந்தது என்பது நன்கு அறியப்பட்ட காரணம். பாடலாசிரியர் என்ற முறையில் அவருக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பணம் வந்ததால் குழுவுக்குள் எழுந்த மனக்கசப்பும் ஒரு காரணம். அதன் பிறகு அவர் செய்தவை எல்லாம் ஏதாவது ஒரு விதத்தில் தடுமாறின. 1967-இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பம், அதே கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட பேர்ட்ஸ் ஆல்பத்தோடு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து அதன் நிழலில் மறைந்தது. பாஞ்சோ கலைஞர் டக் டில்லர்டுடன் 1968-இல் செய்த ஆல்பம், கண்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசையும் ராக்கும் கலந்த பாணிக்கு வழிவகுத்த முன்னோடிகளில் ஒன்றாக இன்று பேசப்படுகிறது, அன்று விற்கவில்லை. 1971-இல் வந்த 'ஒயிட் லைட்' எளிமையும் அழகும் கொண்டது, அதுவும் விற்கவில்லை. அடுத்து வந்த 'ரோட்மாஸ்டர்' 1973-இல் நெதர்லாந்தில் மட்டும் வெளியானது.

அதே 1973-இல் பேர்ட்ஸ் குழுவின் முதல் ஐவரும் மீண்டும் கூடி அசைலம் நிறுவனத்துக்காக ஓர் ஆல்பம் செய்தார்கள். விமர்சகர்கள் அதைக் கடுமையாகச் சாடினாலும் கிளார்க்கின் பாடல்கள் மட்டும் பாராட்டப்பட்டன; நிறுவனத்தின் தலைவர் டேவிட் கெஃபன் அவரைத் தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டார். ஈகிள்ஸ், ஜாக்சன் பிரவுன், ஜோனி மிட்செல் ஆகியோர் அன்று அந்த நிறுவனத்தில் இருந்தார்கள். ஈகிள்ஸ் 1972-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் இருந்த 'டிரெயின் லீவ்ஸ் ஹியர் திஸ் மார்னிங்', கிளார்க்கும் ஈகிள்ஸின் பெர்னி லெடனும் சேர்ந்து முன்பே எழுதிய பாடல். இந்த இழையைப் பிடித்துக்கொண்டால், 'நோ அதர்' எங்கோ ஒரு மூலையில் இருந்த தனியனின் கிறுக்கல் என்ற எண்ணம் விலகிவிடும். வெற்றிபெற்றவர்கள் இருந்த அதே கூடத்தில், அதே வாத்தியக்காரர்களை வைத்து, தேவையான பணத்தோடு செய்யப்பட்ட ஆல்பம் இது.

பாடல்களைக் கலிஃபோர்னியாவின் வடக்கே மெண்டசினோ கடற்கரைப் பகுதியில், பசிபிக் பெருங்கடலைப் பார்த்தபடி இருந்த வீட்டில் அவர் எழுதினார். ஒலிப்பதிவு 1974-இல் லாஸ் ஏஞ்சலஸின் வில்லேஜ் ரெக்கார்டர் கூடத்தில் நடந்தது. தயாரிப்பாளர் தாமஸ் ஜெஃபர்சன் கே. ஸ்க்ளாரோடு டிரம்ஸில் ரஸ் கன்கல், பியானோவில் கிரெய்க் டோர்ஜ், கிட்டாரில் டேனி கார்ச்மர், ஜெஸ்ஸி எட் டேவிஸ், தாள வாத்தியங்களில் ஜோ லாலா என்று அன்றைய லாஸ் ஏஞ்சலஸின் முதல்தரக் கலைஞர்கள் கூடியிருந்தார்கள். ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் புட்ச் டிரக்ஸ் டிரம்ஸ் வாசிக்க வந்தார். பேர்ட்ஸில் உடன் இருந்த கிறிஸ் ஹில்மன் மாண்டலின் வாசித்தார். கிளிடி கிங், வெனட்டா ஃபீல்ட்ஸ், கிளாடியா லெனியர் போன்ற கோஸ்பல் என்ற தேவாலய இசை மரபில் ஊறிய குரல்கள் பின்னணியில் பாடின.

எட்டுப் பாடல்களுக்குள்

இரண்டாவது சுற்றில் எல்லாப் பாடல்களுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கத் தேவையில்லை. முதல் பாடலான 'லைஃப்ஸ் கிரேட்டஸ்ட் ஃபூல்' கண்ட்ரி நடையில் சாதாரணமாகத் தொடங்கி, கோஸ்பல் கோரஸ் நுழைந்ததும் தன் உண்மையான அகலத்தைக் காட்டுகிறது. ஆல்பம் முழுவதற்கும் இதுவே விதி என்பதை மட்டும் குறித்துக்கொண்டு நகரலாம். ஏழாவது பாடலான 'த ட்ரூ ஒன்' இருப்பதிலேயே லேசானது. பழைய கண்ட்ரி பாணிக்குத் திரும்பும் அதைச் சிலர் இளைப்பாறல் என்று புகழ்கிறார்கள். எனக்கு அது வேறொரு நல்ல ஆல்பத்திலிருந்து வழிதவறி வந்த பாடலாகவே படுகிறது.

'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்' பாடலில்தான் நேரம் செலவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்கும் மேலாகச் சொற்களே இல்லை. மெதுவாக இறங்கி ஏறும் சுரக்கோர்வைகளின் மேல் ஆண் பெண் குரல்கள் அகாரமாக நீள்கின்றன. டிரம்ஸ் ஒவ்வோர் அடியையும் வேண்டுமென்றே தாமதித்து வைப்பதுபோல் ஒலிக்கிறது. பிறகு கிளார்க் பாட வரும்போது அவர் பாடுவது இசையைப் பற்றியே: சொல்லால் எட்ட முடியாததைத் தந்திகளும் பியானோவும் கொண்டுவந்து கொடுப்பதைப் பற்றி. அந்தப் பொருளைச் சொல்லும் பாடலுக்குச் சொல்லில்லாத நீண்ட முகப்பு வைத்திருப்பது அலங்காரம் இல்லை. பாடல் வாதிடப் போவதை முகப்பு முன்கூட்டியே நிகழ்த்திக் காட்டுகிறது. ஹெட்போனில் கேட்கும்போது ஒரு சுற்று முழுவதும் கிளார்க்கின் குரலை விட்டுவிட்டுப் பின்னணிக் குரல்களை மட்டும் பின்தொடருங்கள். அவருடைய வரிகள் முடியும் இடத்தில் அவை பதில் சொல்வதில்லை. அவர் விட்ட சுருதியைப் பிடித்து மேலே தூக்குகின்றன. முதல் முறை இழுவையாகத் தோன்றிய இடங்கள் பல, அடியில் நடக்கும் இந்த வேலை காதில் விழுந்ததும் இறுகிவிடும்.

தலைப்புப் பாடலான 'நோ அதர்' நேர்மாறானது. பேஸ், கீபோர்டு, தாள வாத்தியங்கள் மூன்றும் ஃபங்க் என்ற அடர்ந்த தாள நடையில் சுழல, அதன் மேல் பல அடுக்குக் குரல்கள் ஒன்றாக வருகின்றன. ஒரு நாட்டார் பாடகரிடம் அன்றைய ரசிகர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வரிகளை மட்டும் தாளில் எழுதிப் படித்தால் பொதுவான ஆன்மிகப் பேச்சாகத் தெரியும் என்பது உண்மைதான். அங்கே நான் கிளார்க்குக்காக வாதாட மாட்டேன். பாடலைத் தூக்கி நிறுத்துவது அதன் நடை.

வரிகளுக்காகக் கேட்க வேண்டியது 'ஃப்ரம் எ சில்வர் ஃபயல்'. மணலில் புதைந்து கிடக்கும் துயரத்தின் வாளைப் பற்றிப் பேசும் அதன் முதல் வரியில் முக்கியமான சொற்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் ஸகர ஒலியில் தொடங்குகின்றன. மோனைக்குப் பழகிய தமிழ்க் காது அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த ஒலியடுக்கு எங்கும் துருத்திக்கொண்டு நிற்காதபடி கிளார்க் சொற்களைத் தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகத் தள்ளிப் பாடுகிறார். இந்த ஒரு வரியை நான்கைந்து முறை கேட்டுப் பார்த்தால் போதும். இவரைப் பாடலாசிரியராக மட்டும் போற்றுபவர்கள் பாடகரைக் கவனிக்கத் தவறினார்கள் என்பது விளங்கும்.

எட்டு நிமிடத்தைத் தாண்டும் 'சம் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' பொறுமையைச் சோதிக்கும் பாடல். போதையின் தேவையையும் உயிரோடு இருப்பதன் இன்பத்தையும் அடுத்தடுத்த மூச்சில் சொல்லிவிடும் பாடல் என்பதால், 1991-இல் நாற்பத்தாறு வயதில் இறந்த அவருடைய பிற்கால வாழ்க்கையை அறிந்தவர்கள் அதை முன்னறிவிப்பாகப் படிக்கிறார்கள். அப்படிப் படிக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 1974-இல் எழுதியவருக்கு 1991 தெரியாது. அந்தப் பாடலில் கேட்பது ஓர் ஆளின் தத்தளிப்பும் அதிலிருந்து அவர் எடுத்த ஒரு தற்காலிக முடிவும். அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றத் தேவையில்லை.

'மிகைத் தயாரிப்பு' என்ற குற்றச்சாட்டைச் சோதிப்பது

ஆல்பம் வந்த காலத்தில் அதன் மேல் வைக்கப்பட்ட முக்கியக் குற்றச்சாட்டு, ஒலிப்பதிவுக்கூடத்தில் அடுக்கு மேல் அடுக்காக வாத்தியங்களையும் குரல்களையும் ஏற்றி நல்ல பாடல்களை மூச்சுமுட்ட வைத்துவிட்டார்கள் என்பது. மறைந்துபோன ஆல்பங்களை மீண்டும் கேட்பவர்கள் இத்தகைய குற்றச்சாட்டை ஒன்று அப்படியே ஏற்கிறார்கள், இல்லையேல் 'அன்றைய விமர்சகர்களுக்குப் புரியவில்லை' என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறார்கள். இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை இரண்டும் தேவையில்லை. சோதித்துப் பார்ப்பதற்கான சாதனம் நம் கையில் இருக்கிறது. 2019 பதிப்பின் கூடுதல் டேக்குகளில் பல, இறுதி அடுக்குகள் ஏறுவதற்கு முந்தைய நிலையில் உள்ளவை. இசைக்கலைஞர் சிட் கிரிஃபினும், ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் ஆல்பங்களில் பணியாற்றிய ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும் அவற்றை மிக்ஸ் செய்திருக்கிறார்கள்.

சோதனையை இப்படிச் செய்யலாம். முதலில் ஒரு பாடலின் 1974 வடிவத்தைக் கேளுங்கள். அடுத்து அதே பாடலின் கூடுதல் டேக்கைக் கேளுங்கள். மறுபடியும் 1974 வடிவத்துக்கு வாருங்கள். மூன்றாவது கேட்டல் முக்கியம். வெறும் டேக்கின் தெளிவு முதலில் எவருக்கும் இனிக்கும். அந்த இனிப்பு அடங்கிய பிறகு இறுதி வடிவத்தில் என்ன குறைகிறது, என்ன கூடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒலியளவைக் கையால் சமன்படுத்திக்கொள்ளவும் மறக்க வேண்டாம், ஏனென்றால் சற்றுச் சத்தமாக ஒலிப்பதையே நல்லது என்று காது நம்பிவிடும்.

நான் சோதித்தவரை விடை பாடலுக்குப் பாடல் மாறுகிறது. 'சில்வர் ரேவன்' பாடலின் வெறும் வடிவத்தை நான் விரும்புகிறேன். அந்த மெட்டு ஒரு கிட்டாரையும் ஒரு குரலையும் கொண்டு முழுமையடைந்துவிடக்கூடியது. 1975 பிப்ரவரியில் டென்வர் நகரில் இரண்டு துணைக் கலைஞர்களோடு அவர் பாடி, 2008-இல் வெளியான நேரடி நிகழ்ச்சிப் பதிவிலும் அந்தப் பாடல் இருக்கிறது. அங்கேயும் அதற்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்' பாடலிலிருந்து கோரஸை எடுத்துவிட்டால் எஞ்சுவது நல்ல பாடல் ஒன்றின் வரைவு மட்டுமே. 'லேடி ஆஃப் த நார்த்' பாடலும் அப்படித்தான். டில்லர்டோடு சேர்ந்து எழுதிய அந்தக் காதல் பாடல் முடியும் தறுவாயில் பியானோவும் வயலினும் பாடகரைக் கடந்து போகின்றன. அந்தக் கடந்துபோதல் தயாரிப்பாளரின் ஆசைக்குச் சேர்த்தது என்று யாராவது சொன்னால், ஆல்பத்தின் முடிவே அதில்தான் இருக்கிறது என்று பதில் சொல்வேன். ஆகவே குற்றச்சாட்டில் ஒன்றிரண்டு பாடல்களுக்குப் பொருந்தும் உண்மை இருக்கிறது; ஆல்பம் முழுவதன் மேல் அதைப் போர்த்தியதுதான் பிழை.

கதைகளை எங்கே வைப்பது

'நோ அதர்' பற்றிப் படிக்கத் தொடங்கினால் சில கதைகள் மீண்டும் மீண்டும் வரும். செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அவ்வளவு செலவுக்கும் எட்டே பாடல்களா என்று கெஃபன் சினந்தார், மாதிரித் தட்டைக் குப்பையில் எறிந்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. விளம்பரம் ஏறக்குறைய இல்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டில் எட்டிய உயரம் 144-ஆவது இடம். இரண்டு ஆண்டுகளுக்குள் தட்டு கடைகளிலிருந்து போய்விட்டது. முன்னட்டையில் 1920-களின் ஹாலிவுட்டை நினைவூட்டும் படத்தொகுப்பும் பின்னட்டையில் ஒப்பனையும் பட்டாடையுமாக நிற்கும் கிளார்க்கும், அவரைக் கண்ட்ரி பாடகராக அறிந்திருந்தவர்களைக் குழப்பியதாகவும் சொல்வார்கள்.

இவற்றில் எது ஆல்பத்தைப் பற்றியது, எது அதன் வியாபாரத்தைப் பற்றியது என்று பிரித்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பட்டியலில் கிடைத்த இடம் பாடல்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, புகழுக்கும் இகழுக்கும் அதைச் சான்றாக்க முடியாது. தட்டை எறிந்த கதை உண்மையாக இருந்தாலும் அது ஒரு மனிதரின் கோபத்தைக் காட்டும், அவ்வளவுதான். செலவைப் பற்றிய செய்தி மட்டும் காதுக்கு ஓரளவு உதவுகிறது. பல அடுக்குகளை ஏற்றிப் பார்க்கவும் இத்தனை கலைஞர்களை அழைக்கவும் நேரமும் பணமும் இருந்தது என்பது அதிலிருந்து தெரிகிறது. நிறுவனம் கைவிட்டது என்ற பழியோடு, விமானம் ஏற அஞ்சிய, மது பெருந்தொல்லையாகிவிட்ட ஒரு பாடகரை ஊர் ஊராக அனுப்பி ஆல்பத்தை விற்பது எளிதாக இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறர் பாடியதைக் கேட்பது

மறக்கப்பட்ட ஆல்பத்தின் தரத்தை உரசிப் பார்க்க இன்னொரு வழி, அதைப் பிறகு எடுத்துப் பாடியவர்களைக் கேட்பது. 'நோ அதர்' கடைகளில் எளிதில் கிடைக்காத காலத்தில், 1986-இல், இங்கிலாந்தின் திஸ் மார்ட்டல் காயில் என்ற இசைக் கூட்டணியினர் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்ட்ரிங்ஸ்' பாடலைத் தங்கள் இரண்டாவது ஆல்பத்தில் பாடினார்கள். அந்தக் கூட்டணியை நடத்திய ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல்தான் ஃபோர் ஏடி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் மூல ஆல்பத்தை மறுவெளியீடு செய்தது தற்செயலாக நடந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் வடிவத்தில் கண்ட்ரியின் சாயல் முற்றிலும் போய், குரலும் எதிரொலியும் மட்டும் எஞ்சுகின்றன. பாடலின் எலும்புக்கூடு எவ்வளவு உறுதியானது என்று அங்கே பார்க்கலாம். 2014 ஜனவரியில் பீச் ஹவுஸ் குழுவினர், ஃப்ளீட் ஃபாக்சஸின் ராபின் பெக்னால்டு உள்ளிட்ட பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு ஆல்பம் முழுவதையும் வரிசை மாறாமல் அமெரிக்காவின் சில நகரங்களில் மேடையேற்றினார்கள். 1974 ஒலிப்பதிவைக் சுரத்துக்குச் சுரம் அப்படியே நிகழ்த்திக் காட்டுவதே அவர்கள் நோக்கம். அந்த அடுக்குகள் தற்செயலாகக் குவிந்தவை என்று நினைப்பவர்கள் அந்த நிகழ்ச்சிப் பதிவைப் பார்க்கலாம். ஒவ்வோர் அடுக்கையும் ஓர் ஆள் மேடையில் நின்று வாசிக்க வேண்டியிருந்தது.

அடுத்து எதைக் கேட்பது

ஆல்பம் பிடித்துப்போனால் உடனே பேர்ட்ஸுக்குத் திரும்ப வேண்டாம். அங்கே கிளார்க் ஐந்து பேரில் ஒருவர். அந்த மணியோசைக் கிட்டார் எல்லாவற்றையும் தன் நிறத்துக்கு மாற்றிவிடும். முதலில் 'ஒயிட் லைட்' ஆல்பத்துக்குப் போங்கள். அதைத் தயாரித்தவர் ஜெஸ்ஸி எட் டேவிஸ். 'நோ அதர்' ஆல்பத்தில் கிட்டார் வாசிக்கும் அதே மனிதர், மூன்று ஆண்டுகளுக்கு முன் கிளார்க்கைச் சில வாத்தியங்களோடு எப்படி நிறுத்தினார் என்பதைக் கேட்ட பிறகு, ஜெஃபர்சன் கே சேர்த்தது என்ன என்பது இன்னும் துல்லியமாகத் தெரியும். அதன் பின் 1977-இல் வந்த 'டூ சைட்ஸ் டு எவ்ரி ஸ்டோரி'. தயாரிப்பாளர் மாறவில்லை, ஆனால் அடுக்குகள் பெரும்பாலும் போய்விட்டன, நிறுவனமும் மாறிவிட்டது. அதைக் கேட்கும்போது, அடுக்குகள் யாருடைய விருப்பம் என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தயாரிப்பாளர் இரண்டு விதமாக வேலை செய்திருப்பதால், 'நோ அதர்' ஒலித்த விதத்தில் கிளார்க்கின் கை கணிசமாக இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கிளார்க்கின் பாடல்கள் பிறர் வழியாக எவ்வளவு தூரம் போயின என்று அறிய விரும்புவோர் இரண்டு ஆல்பங்களைத் தேடலாம்: அவருடைய பேர்ட்ஸ் காலத்துப் பாடல் ஒன்றை டாம் பெட்டி 1989-இல் பாடிய 'ஃபுல் மூன் ஃபீவர்', டில்லர்டு காலத்துப் பாடல்கள் இரண்டை லெட் செப்பலினின் ராபர்ட் பிளாண்ட், அலிசன் கிராஸோடு சேர்ந்து 2007-இல் பாடிய 'ரெய்சிங் சாண்ட்'.

இதே முறை மற்றவர்களுக்கும் பொருந்தும், சிறு மாற்றங்களோடு. பீச் பாய்ஸின் டென்னிஸ் வில்சன் 1977-இல் வெளியிட்ட 'பசிபிக் ஓஷன் புளூ' ஆல்பத்தின் 2008 மறுவெளியீட்டில், அவர் முடிக்காமல் விட்ட அடுத்த ஆல்பத்தின் பாடல்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றை முதல் ஆல்பத்தோடு ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. அவை வேறொரு பணியின் துண்டுகள். சவுண்ட்கார்டனின் கிறிஸ் கார்னெல் 1999-இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பமான 'யூஃபோரியா மார்னிங்' (Euphoria Morning) ஆல்பத்தை, குழுவின் கனத்த கிட்டார் ஒலியை எதிர்பார்க்காமல் கேட்க வேண்டும். 2015 மறுவெளியீட்டில் அதன் தலைப்பில் ஓர் எழுத்து கூடியிருப்பதால் (Euphoria Mourning), தேடும்போது இரண்டு தலைப்புகளிலும் தேடிப் பார்ப்பது நல்லது.